கொள்ளிவாய்ப் பேயை லெவல் 2க்கு இறக்க உதவி தேவை

வணக்கம். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (மேசையில் பகடை போட்டுப் பாத்திரமேற்று ஆடும் ஆட்டம்) 5ஆம் பதிப்பு, 2014 விதிகள். அச்சிலுள்ள சதுப்புநிலச் சாகசமொன்றை யாழ்ப்பாணத்து மணற்காட்டு மணல்மேடுகளுக்கு மாற்றுகிறோம். அதில் வரும் வில்-ஓ-விஸ்ப் (பறக்கும் ஒளிப்பேய்) எங்கட கொள்ளிவாய்ப் பேயாகவே அழகாகப் பொருந்துது. எண்கள்தான் இடிக்குது.

ஆட்டக்காரர் மூவர், எல்லாரும் லெவல் 2, அதாவது ஆரம்பநிலைப் பாத்திரங்கள். புத்தகத்தில் இரண்டு பேய்கள். ஒன்றுக்கு 450 எக்ஸ்பி (சண்டையின் கடுமையை அளக்கும் புள்ளி). இரண்டுக்கு 900, இரண்டு எதிரிக்கான விதிப்படி ஒன்றரையால் பெருக்க 1350. மூவருக்கு உயிராபத்து எல்லையே 600. ஆகவே ஒன்றுதான் விடலாம். அதுவும் லேசில்லை. ஆர்மர் கிளாஸ் (அடி பட எட்டவேண்டிய எண்) 19, தாக்குதலுக்கு +5 உள்ளவர் டி20இல் (இருபது பக்கப் பகடையில்) 14 போடவேணும். மந்திரமில்லா ஆயுதம் பாதிச் சேதமே செய்வதால் 22 ஹிட் பாயிண்ட் (உயிர்ப்புள்ளி) நடைமுறையில் 44. சுயநினைவின்றி விழுந்தவர் டிசி 10 கான்ஸ்டிடியூஷன் சேவில் (உடல்வலுவைக் கூட்டி 10 எட்டவேண்டிய பகடையில்) தவறினால் உடனே சாவு. லெவல் 2க்கு இது கொடுமை.

யோசித்திருப்பது: ஆர்மர் கிளாஸ் 16, உடனடிச் சாவுக்குப் பதில் ஒரு டெத் சேவ் தோல்வி (மூன்று சேர்ந்தால்தான் சாவு), பேயின் தாக்குதலில் மின்னலுக்குப் பதில் நெருப்பு. இரும்புக்குப் பேய் அஞ்சும் என்பதையும் கட்டாயம் சேர்க்கவேணும். ஆனால் வாள், கோடரி எல்லாமே இரும்புதானே, பாதிச் சேத விதியே இல்லாமல் போகும். அப்போ ஹிட் பாயிண்டை 35 ஆக்குவதா? இல்லாட்டி நிலத்தில் இரும்பாணி அடித்த வட்டத்துக்குள் மட்டும் முழுச் சேதம் என்று வைப்பதா?

மணலில் ஆட்களின் நடை 15 அடியாகக் குறையும். பேய் 50 அடி பறக்கும். வடலிகளை (இளம் பனைகளை) எவ்வளவு நெருக்கமாக வைத்தால் துரத்தல் சமமாகும்? இதை லெவல் 2இல் நடத்தியவர்கள், சண்டை எத்தனை சுற்று நீண்டது என்றும் சொல்லுங்கோ.