'மேக் விம்' அடித்தால் லிங்க் விழவில்லை, உதவி தேவை

கேள்வி:
வணக்கம். திருமங்கலத்தில் வீட்டு லேப்டாப், இலந்தைக்குளம் ஐடி பார்க்கில் ஆபீஸ் மெஷின், இரண்டும் லினக்ஸ். பேஷ் (கட்டளை ஷெல்), விம் (எடிட்டர்), கிட் (கோட் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவி) செட்டிங்குகளை ஒரே ஃபோல்டரில், தனித்தனி சப்-ஃபோல்டராக வைத்திருக்கிறேன். அங்கிருந்து ஹோம் டைரக்டரிக்கு சிம்லிங்க் (வேறிடத்து ஃபைலைச் சுட்டும் லிங்க்) போட ஒரு மேக்ஃபைல், அதாவது மேக் என்ற கருவி படித்து ஓட்டும் கட்டளை ஃபைல், எழுதினேன். ஆபீஸில் புதிதாக எதையும் இன்ஸ்டால் செய்ய விடமாட்டார்கள், மேக் ஏற்கெனவே இருக்கிறது. ஆனால் 'மேக் விம்' அடித்தால் "விம் இஸ் அப் டு டேட்" என்று சொல்லி நின்றுவிடுகிறது. கட்டளை வரிகளுக்கு முன் வர வேண்டிய டேப் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது.

பதில்:
தம்பி, டார்கெட் (மேக்குக்குப் பின் அடிக்கும் இலக்கு) பெயரும் ஃபோல்டர் பெயரும் ஒன்றாக இருப்பதுதான் காரணம். 1976-ல் பெல் லேப்ஸில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மேன் மேக்கை எழுதியது புரோகிராம்களைக் கம்பைல் செய்வதற்காக. டார்கெட் என்றாலே அது ஒரு ஃபைல் என்றுதான் எடுத்துக்கொள்ளும். அந்தப் பெயரில் ஒன்று இருந்து, அது சார்ந்திருக்கும் ஃபைல்களில் அதைவிடப் புதியது எதுவும் இல்லையென்றால் வேலை முடிந்தது என்று விட்டுவிடும். விம், பேஷ், கிட் மூன்றையும் '.ஃபோனி' (இவை ஃபைல் அல்ல என்று மேக்குக்குச் சொல்லும்) வரியில் சேருங்கள். ஃபைலைத் தேடாமல் ஒவ்வொரு முறையும் ஓட்டும்.

கேட்டவர்:
நன்றி அண்ணே, ஓடுகிறது! ஆனால் விம் திறந்தால் என் செட்டிங் வரவில்லை. எல்எஸ் (ஃபைல்களைப் பட்டியலிடும் கட்டளை) அடித்தால் லிங்க் சிவப்பாகத் தெரிகிறது. லிங்க் போடும் எல்என் கட்டளையில் மூலத்தை 'விம்/விம்ஆர்சி' என்று கொடுத்திருக்கிறேன்.

பதில்:
அது உடைந்த லிங்க். நீங்கள் கொடுத்த பாதை எழுத்து மாறாமல் அப்படியே லிங்குக்குள் போய்விடும். 'அடுத்த தெரு' என்றால் சிம்மக்கல்லில் நிற்பவருக்கு ஒன்று, தல்லாகுளத்தில் நிற்பவருக்கு வேறொன்று. அதுபோல லிங்க் இருக்கும் ஹோம் டைரக்டரியிலிருந்து 'விம்' ஃபோல்டரைத் தேடுகிறது. பாதைக்கு முன்னால் $(கர்டிர்)/ போடுங்கள், அது மேக் ஓடும் ஃபோல்டரைக் குறிக்கும் மாறி (வேரியபிள்), முழுப் பாதை வந்துவிடும். டாலருக்குப் பின் அடைப்புக்குறி கட்டாயம். வெறும் $ஹோம் என்று எழுதினால் மேக் முதல் ஆங்கில எழுத்தை மட்டும் மாறியாக எடுத்துக்கொள்ளும்.

இன்னொருவர்:
ஆபீஸ் மெஷினில் ஓட்டும் முன் ஒரு நிமிடம். எல்என்-க்கு '-எஃப்' கொடுத்தால் அங்கே ஏற்கெனவே உள்ள பேஷ்ஆர்சியை (பேஷின் செட்டிங் ஃபைல்) கேட்காமலே அழித்துவிடும். '-பி' சேர்த்தால் பழையது பெயருக்குப் பின்னால் அலைக்குறியோடு (~) பத்திரமாக இருக்கும். முழு ஃபோல்டருக்கு லிங்க் போடுவதாக இருந்தால் '-என்' சேருங்கள், இல்லையென்றால் இரண்டாம் முறை ஓட்டும்போது லிங்குக்குள்ளேயே இன்னொரு லிங்க் விழும்.

கேட்டவர்:
இரண்டு மெஷினிலும் சரியாகிவிட்டது, மிக்க நன்றி. கிட்டில் மட்டும் ஆபீஸுக்கு வேறு ஈமெயில் வேண்டும். அதற்கும் மேக்ஃபைலில்தான் ஏதாவது எழுத வேண்டுமா?

பதில்:
வேண்டாம். கிட்டின் செட்டிங் ஃபைலான கிட்கான்ஃபிக்கில் 'இன்க்ளூட்' பகுதி போட்டு, அந்தந்த மெஷினில் மட்டும் இருக்கும் ஒரு ஃபைலின் பாதையைக் கொடுங்கள். ஈமெயில் அதில் இருக்கட்டும்.