வடிவீஸ்வரத்தில் நீலகண்ட சிவன் இசை விழா: முதல் தடவை, எதையெல்லாம் கவனிக்கணும்?

தெக்குத்தெரு எழுதியது:

தமிழில் கிருதிகள் இயற்றிய நீலகண்ட சிவன் (1839–1900) பிறந்த நாகர்கோவில் வடிவீஸ்வரத்திலேயே அவர் பேரில் சனி, ஞாயிறு இரண்டு சாயங்காலம் கச்சேரி வைக்கலாம்னு தெருக்காரங்க பேசி முடிவு பண்ணியிருக்கோம். இடம், கோயில் சார்ந்த கல் மண்டபம். 150, 200 பேர் வரலாம். தினமும் முதலில் உள்ளூர்ப் பிள்ளைகள் பாட்டு, அப்புறம் பெரிய கச்சேரி. கடைசி நாள் எல்லாரும் சேர்ந்து அவர் கிருதிகளைப் பாடணும்னு ஆசை. தேதி எப்போ வைக்கலாம்? கல் மண்டபத்தில் மைக் செட் எப்படி? வித்வான்கள்கிட்ட முன்கூட்டியே என்னென்ன கேட்டு வைக்கணும்?

பழையாற்றங்கரை எழுதியது:

முதலில் தேதி. நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துக்கு தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவ மழையும் உண்டு. ஜூன் தொடங்கி டிசம்பர் பாதி வரை எந்த சாயங்காலமும் நம்பிக்கைக்குரியதல்ல. நவராத்திரியில் திருவனந்தபுரம் நவராத்திரி மண்டபக் கச்சேரிகள் நடக்கும், டிசம்பரில் பக்கவாத்தியக்காரங்க எல்லாம் சென்னையில். மார்கழியில் சுசீந்திரம் தேர், தையில் நாகராஜா கோயில் தேர், மாசியில் மண்டைக்காடு கொடை. மார்ச் வந்தால் பிள்ளைகளுக்குப் பரீட்சை. இதையெல்லாம் கழித்தால் மிஞ்சுவது பிப்ரவரி. நாகராஜா கோயில் தேர் முடிந்து, மண்டைக்காடு கொடியேறுவதற்கு முன்னால் வரும் ஒரு சனி, ஞாயிறு. பஞ்சாங்கம் பார்த்து இப்பவே குறிச்சிருங்க.

அனுமதி விஷயம். ஸ்ரீகாரியத்திடம் (கோயில் மேலாளர்) வாயால் சொல்லி வைப்பது போதாது. தேவசத்துக்கு (கோயில் நிர்வாகம்) எழுத்தில் கொடுத்து பதிலும் எழுத்தில் வாங்குங்க. ஒலிபெருக்கிக்குக் காவல் நிலையத்தில் தனி மனு. இரவு 10 மணிக்கு மேல் மைக் கூடாது என்பதால் 9.30க்கு மங்களம் பாடுகிற மாதிரி பின்னாலிருந்து கணக்குப் போடுங்க: 6.00 பிள்ளைகள், 6.45க்கு மேடை மாற்றம், 7.00 பெரிய கச்சேரி. இதில் பலர் மறப்பது தீபாராதனையும் அத்தாழ பூஜையும் (இரவு பூஜை). ஆலாபனை நடுவில் மணியும் கொட்டும் வந்தால் பாடுகிறவர் நிறுத்தத்தான் வேண்டும். பூஜை நேரத்தைக் கேட்டு, பாடகரிடம் முன்பே சொல்லிவிட்டால் அவரே அதற்கு ஏற்ற மாதிரி உருப்படிகளை வைத்துக்கொள்வார்.

பொன்னாடை, பாராட்டுரை எல்லாம் பெரிய கச்சேரிக்கு முன்னால் 10 நிமிஷத்தில் முடியணும். கச்சேரி நடுவில் மேடையேறி மைக் பிடிப்பதைப் போல ரசபங்கம் வேறில்லை.

தொப்பியும்_ரவையும் எழுதியது:

வித்வான்களிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி சன்மானம் அல்ல, சுருதி. சுருதியைக் கட்டைக் கணக்கில் சொல்வாங்க: ஆண் பாடகர் ஒன்று, ஒன்றரைக் கட்டை. பெண் பாடகர் ஐந்து, ஐந்தரை. ஒன்றரைக்கு உள்ள ஹெச்சு (உயர்ந்த சுருதி) மிருதங்கத்தை ஐந்துக்கு இறக்க முடியாது. அதற்கு நீளமான தக்கு (தாழ்ந்த சுருதி) மிருதங்கம் வேண்டும் (ஏறக்குறைய 22 அங்குலம், 24 அங்குலம் என்று வித்தியாசம்). கடம் இன்னும் மோசம், சுட்ட பானையின் சுருதியை மேடையில் வைத்து மாற்ற வழியில்லை. ஒரே மிருதங்கக்காரர் பிள்ளைகளுக்கும் பெரிய கச்சேரிக்கும் வாசிப்பதென்றால் இரண்டு சுருதியையும் ஒரு வாரம் முன்னால் அவருக்குச் சொல்லிவிடுங்க. அவர் இரண்டு வாத்தியம் தூக்கி வரணும், வண்டியில் இடம் வேணும்.

பாடகருக்கு இடப்பக்கம் வயலின், வலப்பக்கம் மிருதங்கம். அப்போதான் வலந்தலை (மிருதங்கத்தின் வலது முகம்) சபையைப் பார்க்கும். இடக்கை வாசிப்பவர் என்றால் இரண்டும் இடம் மாறும். அதனால் இதையும் கேட்டுக்கோங்க. மேடை 16க்கு 12 அடி, உயரம் 2 அடி தாராளம். பலகை ஆடக்கூடாது, ஆடினால் தாளம் போடும் ஒவ்வொரு தட்டும் மைக்கில் 'தும் தும்' என்று ஏறும்.

பெடஸ்டல் ஃபேனை மிருதங்கத்தின் மேல் திருப்பாதீங்க. தொப்பியில் (இடது முகம்) ஒட்டிய ரவை காய்ந்தால் கும்கி (அதன் குழைந்த அடிநாதம்) போய்விடும், அவர் நடுவில் தண்ணீர் தொட்டுச் சரிசெய்தபடியே இருக்கணும். பாடகர் மைக்கிலும் காற்று இரையும். ஃபேனைப் பக்கவாட்டில், மேடைக்கு வெளியே வையுங்க.

மிக்ஸர்_பக்கம் எழுதியது:

கல் மண்டபத்தில் எதிரி எதிரொலிதான். ஒரு தடவை கை தட்டிப் பாருங்க, ஓசை இழுத்துக்கொண்டே போனால் சத்தம் கூட்டக் கூட்ட சாகித்தியம் குழம்பும். மேடைக்குப் பின்னால் கனமான பருத்தித் திரை, தரை முழுக்க ஜமக்காளம். கூட்டம் உட்கார்ந்த பிறகு பாதி சரியாகும்.

கொடைக்குக் கட்டுகிற குழாய் ஸ்பீக்கர் வேண்டவே வேண்டாம். இரண்டு காலம் (column, தூண் வடிவ) ஸ்பீக்கர் மேடை விளிம்புக்கு முன்னால், மைக்குகளுக்குப் பின்னால் ஒருபோதும் கூடாது, ஊளையிடும். பின்வரிசைக்குக் கேட்கவில்லை என்றால் முன்னால் ஏற்றாமல், மண்டபத்தின் பாதியில் சின்ன ஜோடி ஒன்றை மெதுவாக வையுங்க. மைக் ஆறு: பாட்டு 1, வயலின் 1, மிருதங்கம் 2, கடம் 1, தம்பூராவுக்கு 1. பாடகருக்கு ஒரு மானிட்டர் (அவர் பக்கம் திருப்பிய ஸ்பீக்கர்) கட்டாயம். அவர் குரல் அவருக்குக் கேட்காவிட்டால் கத்துவார், தொண்டை கட்டும். சவுண்ட் தம்பியிடம் 'எக்கோ' பட்டனைத் தொடாதே என்று முன்பே சொல்லிவிடுங்க. கல்லே தேவைக்கு மேல் கொடுக்கிறது.

சீரியல் லைட்டும் மிக்ஸரும் ஒரே லைனில் போனால் 'ம்ம்' என்று இரைச்சல் வரும், தனி லைன் இழுங்க. ஜெனரேட்டர் 100 அடிக்கு அப்பால், சுவர் மறைவில்.

யூடியூப் நேரலை என்றால் கலைஞரின் சம்மதத்தை எழுத்தில் வாங்கணும். மேடையில் கேட்பது நாகரிகமில்லை.

தெக்குத்தெரு எழுதியது:

ரொம்ப உபகாரம். கோஷ்டி கானம் பற்றி யாரும் சொல்லலையே? விமானத்தில் வருகிறவர்களை எப்போ கூப்பிடணும்?

பழையாற்றங்கரை எழுதியது:

திருவனந்தபுரம் ஏர்போர்ட் 70 கிலோமீட்டர் சுமார். ஆனால் களியக்காவிளை, மார்த்தாண்டம் நெரிசலை நம்பாதீங்க, மூன்று மணி நேரம் வையுங்க. கச்சேரி அன்றைக்கு மதியத்துக்குள் ஊர் வந்து சேரணும். ரயிலில் வந்தால் நாகர்கோவில் சந்திப்பு பக்கம்தான்.

தொப்பியும்_ரவையும் எழுதியது:

கோஷ்டிக்கு ஆணும் பெண்ணும் ஒரே சுருதி என்றால் இழுபறிதான். ஐந்து கட்டையில் ஆண்கள் கீழ் ஸ்தாயியில் பாடினால் மந்திர பஞ்சமம் வெறும் காற்றாகும். பெண்கள் ஒரு வரிசை, ஆண்கள் ஒரு வரிசை என்று அவரவர் சுருதியில் தனித்தனியாக வைத்தால் சுகம். நான்கு கிருதி போதும்: 'ஆனந்த நடமாடுவார்' (பூர்விகல்யாணி), 'என்றைக்கு சிவக்ருபை' (முகாரி), 'சம்போ மகாதேவ' (பௌளி), 'நவசித்தி பெற்றாலும்' (கரகரப்ரியா). ஒவ்வொருவரும் ஒவ்வொரு பாடாந்தரத்தில் (குரு வழியாக வந்த பாடும் முறை) கற்றிருப்பார்கள், சங்கதிகள் மோதும். ஒரே ஒரு பாடாந்தரத்தைத் தேர்ந்து, ஸ்வரப்படுத்திய தாளும் பாடிப் பதிந்த ஆடியோவும் ஒரு மாதம் முன்னால் வாட்ஸ்அப்பில் போடுங்க. இரண்டு ஒத்திகையாவது நேரில் நடக்கணும்.

பெரிய கச்சேரிக்கு வருகிறவர்களிடம் நீலகண்ட சிவன் கிருதி குறைந்தது இரண்டு பாடச் சொல்லிக் கேளுங்க. ஆனால் யார் எதைப் பாடுகிறார் என்று ஒரு நோட்டில் குறித்து மற்றவருக்கும் சொல்லுங்க. சொல்லாவிட்டால் எல்லாரும் பூர்விகல்யாணியில்தான் வந்து நிற்பார்கள். முகாரியை முதல் நாள் பாடிவிட்டால் மறுநாள் பாடகர் வேறொன்றை எடுத்துத் தயார் செய்ய அவகாசம் வேண்டும் இல்லையா.

இன்னொன்று, தனி ஆவர்த்தனம் (மிருதங்கம், கடம் மட்டும் வாசிக்கும் பகுதி) ஆரம்பித்ததும் காபி ஸ்டாலை மூடிருங்க. திறந்திருந்தால் பாதிப் பேர் எழுந்து அங்கேதான் நிற்பாங்க.