ஒளியஞ்சியா, கூசுமீனா? கடல்மீன் தொட்டி விளக்குக்கு ஒரு சொல் தேவை

கொளத்தூரிலிருந்து:
கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம். வண்ணமீன் கடை வைத்திருக்கும் நண்பருக்காக, கடல்மீன் தொட்டி வாங்குவோர் கையில் கொடுக்க நான்கு பக்கக் குறிப்பேடு ஒன்றைத் தமிழில் எழுதி வருகிறேன். வெள்ளிக்கிழமை அது அச்சகம் போக வேண்டும். சோல்ஜர், ஸ்குவிரல் என்று விற்கப்படும் பெருங்கண் சிவப்பு மீன்கள் பகலில் பாறை இடுக்கில் பதுங்கி, இரவில் இரை தேடுபவை. பவளத்தோடு வாழும் நுண்பாசிக்குத்தான் கடும் வெளிச்சம் தேவை, இந்த மீன்களுக்கு அன்று. அதே விளக்கின் கீழ் இவற்றை விட்டால் தொட்டியில் மீன் தெரியாது. கல் இடுக்கில் ஒரு கண் மட்டும் தெரியும். வாங்கியவர் மறுநாளே கடைக்கு வந்து, மீன் செத்துவிட்டது என்பார். இத்தகைய மீனுக்கு ஒரு சொல்லும் அதற்கேற்ற விளக்குக்கு ஒரு சொல்லும் வேண்டும். மீனுக்கு இப்போதைக்கு ‘ஒளியஞ்சி’ என்று எழுதி வைத்திருக்கிறேன்.

பெரம்பூரிலிருந்து:
தம்பி, ‘ஒளியஞ்சி’ இலக்கணப்படி பழுதற்றது. ‘இ ஈ ஐ வழி யவ்வும்’ என்ற விதிப்படி உடம்படுமெய் பெற்றிருக்கிறது. ஆனால் தமிழ் இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல இடம் தருகிறது. ஒளி என்பது வெளிச்சம்; ஒளிதல் என்பது மறைதல். எனவே ‘ஒளிமீன்’ என்றாலே போதும். வினைத்தொகையாக விரித்தால் ஒளிந்த மீன், ஒளிகின்ற மீன், ஒளியும் மீன் என மூன்று காலத்துக்கும் பொருந்தும். எதைக் கண்டு ஒளிகிறது என்பதும் அதே சொல்லுக்குள் இருக்கிறது.

இராயபுரத்திலிருந்து:
ஐயா, நயம் சரி. ஆனால் கடைக்கு வருபவர் அதை ஒளிவிடும் மீன் என்றுதான் படிப்பார். கண்ணுக்குக் கீழே ஒளிரும் பாக்டீரியாவைச் சுமந்தபடி, வெளிச்சத்தை விலக்கி வாழும் ஃபிளாஷ்லைட் மீனுக்கு மட்டும் தங்கள் சொல் இருபொருளிலும் பொருந்தும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ‘அஞ்சி’ என்பதிலும் எனக்கு மனக்குறை உண்டு. அந்த மீன் அஞ்சவில்லை, அதற்குக் கண் கூசுகிறது. கூச்சம் என்ற ஒரே சொல் கண்ணுக்கும் ஆகிறது, விருந்தாளி வந்தால் கதவுக்குப் பின்னால் நிற்கும் பிள்ளைக்கும் ஆகிறது. ஆகவே மீன் ‘கூசுமீன்’, விளக்கு ‘கூசாவிளக்கு’. பொய்யாமொழி போல இது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம்.

தண்டையார்பேட்டையிலிருந்து:
அக்கா, கிரந்த எழுத்தைத் தவிர்க்க வேண்டும் என்று ‘கூஜா’வைக் ‘கூசா’ என எழுதப் பழக்கியவர்களே நாம்தான். இப்போது ‘கூசாவிளக்கு’ என்று அச்சிட்டால், தண்ணீர்க் கூஜாவுக்குள் பல்பு வைத்த பொருள் என்று எண்ணிக் கேட்பார்கள்.

என் வீட்டுத் தொட்டியில் வெள்ளை எல்.இ.டி.யை டிம்மர் வைத்துக் குறைத்து, ஒரு பக்கம் கல்லடுக்கி நிழல் விட்டிருக்கிறேன். மாலையில் நீல மூன்லைட். இரவில் மீனைப் பார்ப்பதற்குச் சிவப்பு ஜீரோ வாட் பல்பு. சிவப்பொளி கடலின் மேல்நீரிலேயே உறிஞ்சப்பட்டுவிடுவதால், இவற்றின் கண்ணுக்கு அது அவ்வளவாக உறைப்பதில்லை. காலையில் முதலில் அறை விளக்கைப் போட்டு, சற்றுப் பொறுத்துத்தான் தொட்டி விளக்கைப் போடுவேன். இருட்டில் இருந்த மீன்மேல் திடீரென்று வெளிச்சம் பாய்ந்தால் அது மிரண்டு கண்ணாடியில் மோதும். இந்த ஏற்பாடு முழுவதற்கும் ‘மங்கல் விளக்கு’ என்றால் யாருக்கும் புரியும்.

பெரம்பூரிலிருந்து:
‘மங்கல்’ என்றால் பழுதான விளக்கு என்று நினைத்துத் திருப்பிக் கொடுக்க வருவார்கள். ‘மங்கொளி’ என்றாவது எழுதுங்கள். புரியும் என்ற ஒரே காரணத்துக்காக எதையும் வைக்கலாம் என்றால், கலைச்சொல்லுக்கு ஒரு குழு எதற்கு?

கொளத்தூரிலிருந்து:
அச்சகத்தார் இருமுறை அழைத்துவிட்டார். மீனுக்கு ‘வெளிச்சம் கூசும் மீன்’ என்றும், விளக்குக்கு ‘மங்கொளி விளக்கு’ என்றும் அனுப்பிவிட்டேன். இதுவரை எழுதியவர்களில் பெரும்பாலோர் இதற்கு உடன்பட்டார்கள், அல்லது ஓய்ந்துபோனார்கள். ‘சோல்ஜர்’ அப்படியே இருக்கிறது.

பெரம்பூரிலிருந்து:
அச்சானது ஆகட்டும். அடுத்த முறை அச்சிடும்போது ‘ஒளிமீன்’ அடைப்புக்குறிக்குள்ளாவது வர வேண்டும்.