பழைய மார்ட்டினி கேடட் துப்பாக்கிக்குப் புதுக் கட்டை: அந்த நீளத் துளையை எப்படிப் போடுவது?

முயல்காட்டான்:

வணக்கம். நான் இருப்பது நியூ சவுத் வேல்ஸில் உள்ளே தள்ளி ஒரு சின்ன ஊர். பக்கத்துப் பண்ணைக்காரர் வயதாகிவிட்டது என்று தன்னுடைய பழைய பிஎஸ்ஏ மார்ட்டினி கேடட்டை எனக்கு விற்றார். பேப்பர் வேலை எல்லாம் முறையாக முடித்துத்தான் வாங்கினேன், என்னிடம் பி வகை லைசென்ஸ் இருக்கிறது. ஒற்றைத் தோட்டா துப்பாக்கி. பக்கவாட்டில் காங்காரு முத்திரை அழியாமல் இருக்கிறது. ஆனால் குழலை யாரோ எப்போதோ .357 மேக்னம் என்ற வேறு தோட்டாவுக்கு மாற்றிவிட்டார்கள், குழலுக்கு அடியில் இருக்கும் முன்கட்டையையும் பாதியில் வெட்டியிருக்கிறார்கள்.

பிரச்சினை தோளில் அணைக்கும் மரமான பின்கட்டையில். கை பிடிக்கும் கழுத்துப் பகுதியில் விரல் நீளத்துக்கு விரிசல், அதன் மேல் செப்புக் கம்பி சுற்றி, அதற்கும் மேல் கரண்ட் டேப். டேப்பைப் பிரித்தால் உள்ளே மரம் கருப்பாக எண்ணெயில் ஊறிக் கிடக்கிறது. போதாக்குறைக்குக் கட்டை ரொம்பக் குட்டை, தோளில் வைத்தால் கட்டைவிரல் மூக்கில் இடிக்கிறது.

வீட்டில் இழைப்புளி, உளி, அரம், ஒரு டிரில் ஸ்டாண்ட் இருக்கிறது. மேசை நாற்காலி செய்திருக்கிறேன், துப்பாக்கிக் கட்டை செய்ததில்லை. கழுத்து வழியாக ஒரு நீள போல்ட் போகிறதே, அந்தத் துளையை நினைத்தால்தான் வயிற்றைக் கலக்குகிறது. எங்கிருந்து ஆரம்பிப்பது?

பழைய இரும்பு:

முதலில் ஒரு கேள்வி. புதுக் கட்டை கட்டாயம் வேண்டுமா? கேடட் எல்லாம் முதல் உலகப் போருக்கு முந்தைய சில வருடங்களில், பள்ளிப் பையன்களின் ராணுவப் பயிற்சிக்காக பிஎஸ்ஏ, கிரீனர் என்ற இரண்டு துப்பாக்கிக் கம்பெனிகளும் ஆஸ்திரேலிய அரசுக்குச் செய்து கொடுத்தவை. கட்டை குட்டையாக இருப்பது அதனால்தான், பழுது இல்லை. அசல் .310 தோட்டாவுக்கான குழலோடு இருந்திருந்தால் தொடவே கூடாது என்று சண்டை போட்டிருப்பேன். உங்களுடையதில் குழலும் போச்சு, முன்கட்டையும் போச்சு என்பதால் சேகரிப்பவன் யாரும் அழமாட்டான்.

ஆனாலும் ஒரு குண்டூசியை எடுத்து அந்தக் கருப்பு மரத்தில் குத்திப் பாருங்கள். ஊசி இறங்காமல் நின்றால் அசிட்டோனில் நன்றாகக் கழுவி எண்ணெயை எடுத்துவிட்டு, விரிசலுக்குள் தண்ணீர் போன்ற எபாக்சிப் பசையை விட்டு, குறுக்கே பித்தளை ஊசி ஒன்று அடித்தால் இன்னும் இருபது வருடம் ஓடும். ஊசி வெண்ணெயில் போவதுபோல் இறங்கினால் பசை எதுவும் பிடிக்காது, புதிதாகச் செய்யுங்கள். எப்படியானாலும் பழைய கட்டையைத் தூக்கிப் போடாதீர்கள், அளவுக்கு அதுதான் வாத்தியார்.

தச்சன் மகன்:

நான் கோயம்புத்தூர்ப் பக்கம், இப்போது பிரிஸ்பேனில் மர வேலை. இரண்டு மார்ட்டினிக்குக் கட்டை செய்திருக்கிறேன், முதலாவது அடுப்புக்குத்தான் போனது. ஏன் போனது என்று சொல்கிறேன், உங்கள் கேள்விக்குப் பதிலும் அதிலேயே இருக்கிறது.

நான் கட்டையை அழகாகச் செதுக்கி, கன்னம் சாய்க்க மேடு வைத்து, கழுத்தை ஒல்லியாக்கி, கடைசியில் துளை போட்டேன். டிரில் பிட் மர ரேகையோடு வளைந்து போய் கழுத்தின் பக்கவாட்டில் எட்டிப் பார்த்தது. நாலு வாரக் கூலி வீண். நீங்கள் தலைகீழாகச் செய்யுங்கள். சதுரப் பலகையாக, நாலு பக்கமும் கொழுப்பாக இருக்கும்போதே துளையை முதலில் போட்டுவிடுங்கள். பின்பக்கமிருந்து போல்ட் தலையும் வாஷரும் நுழையும் அளவுக்குப் பெரிய துளை, கழுத்துக்கு முன்னால் அதை நிறுத்திவிட்டு, அதன் நடு மையத்திலேயே போல்ட் தண்டுக்கான சின்னத் துளை. பெரிய துளைக்குள் இறுக்கமாக உட்காரும் ஒரு மர உருளையின் நடுவில் ஓட்டை போட்டு, சின்ன பிட்டை அதன் வழியாக விட்டால் மையம் தப்பாது. பிறகு துளைக்குள் ஒரு நேரான இரும்புக் கம்பியைச் செருகுங்கள். அந்தக் கம்பிதான் இனி உங்கள் நேர்கோடு. துளை மூன்று மில்லிமீட்டர் ஓடிப் போயிருந்தாலும் கவலை இல்லை, கட்டையின் வெளி உருவத்தைக் கம்பியை வைத்துக் கோடு போட்டுக்கொள்ளலாம். துளையை உருவத்துக்கு ஏற்ப நகர்த்த முடியாது, உருவத்தைத் துளைக்கு ஏற்ப நகர்த்தலாம், அவ்வளவுதான் விஷயம்.

அடுத்தது ரிசீவரின், அதாவது துப்பாக்கியின் இரும்பு உடலின், பின்னால் இருக்கும் பொந்து. கட்டையின் மூக்கு அதற்குள் போய் உட்கார வேண்டும். மெழுகுவர்த்திக் கரியை இரும்பில் பூசி, உள்ளே தள்ளி, வெளியே எடுத்து, கரி ஒட்டிய இடத்தை மட்டும் சீவுங்கள். நான் மனைவியின் லிப்ஸ்டிக்கைப் பயன்படுத்தினேன், கரியைவிடத் தெளிவாகத் தெரிகிறது, ஆனால் அதற்குத் தனியாகப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. முப்பது நாற்பது தடவை எடுத்துப் போட வேண்டும், இதில் அவசரப்பட்டவன் கட்டை வெடிக்கும். பின்னுதையைத் தாங்குவது மரத்தின் முன்முகம் முழுவதும் சமமாக இரும்பில் பட்டு நிற்பதுதான். ஒரு மூலை மட்டும் பட்டால் அது ஆப்பு மாதிரி வேலை செய்து பழைய விரிசல் இருந்த அதே இடத்தில் மறுபடி பிளக்கும். உங்கள் பழைய கட்டையும் பெரும்பாலும் இப்படித்தான் போயிருக்கும், அல்லது மரம் சுருங்கி போல்ட் தளர்ந்ததை யாரும் கவனிக்காமல் சுட்டிருப்பார்கள்.

கழுத்தின் அடியில் துப்பாக்கியைத் திறந்து மூடும் லீவர் வந்து படியும் என்பதை மறக்காதீர்கள். கீழே வளைந்து இறங்கும் பிஸ்டல் பிடி வைக்க ஆசை வந்தால் லீவரையும் வளைக்க வேண்டும். நேர்க் கழுத்தே போதும்.

முயல்காட்டான்:

அண்ணா, மிக்க நன்றி. குண்டூசி வெண்ணெயில் போனதுபோல்தான் போனது. மரம் எது வாங்கலாம்? அப்பா ஊரிலிருந்து தேக்குத் துண்டு அனுப்புகிறேன் என்கிறார்.

தச்சன் மகன்:

தேக்கு கதவுக்கும் கட்டிலுக்கும் ராஜா, இதற்கு வேண்டாம். எண்ணெய்ப் பசை உள்ள மரம், எபாக்சி சரியாகப் பிடிக்காது, மெல்லிய கழுத்தில் பட்டென்று பிளக்கும். அதோடு இங்கே கஸ்டம்ஸில் மரத்துக்கு நடக்கும் விசாரணை தனிக் கதை. வால்நட் கிடைத்தால் வால்நட். குவீன்ஸ்லாந்து மேப்பிளும் நல்லது, லித்கோ ஆயுதத் தொழிற்சாலையில் செய்த .303 ராணுவத் துப்பாக்கிகளின் கட்டைகளில் அதுவும் உண்டு. குவீன்ஸ்லாந்து வால்நட் என்று ஒன்று விற்பார்கள், பெயரில் மட்டும்தான் வால்நட், சிலிக்கா நிறைந்தது, உளியின் முனையைத் தின்றுவிடும். எதுவானாலும் ரேகை கழுத்தின் நீளவாக்கில் நேராக ஓடுகிறதா என்று பார்த்து வாங்குங்கள். பூ வேலைப்பாடு மாதிரி சுழி எல்லாம் பின்பகுதியில் இருக்கட்டும்.

நீளம் விசையிலிருந்து கட்டையின் கடைசியில் வரும் பின்தகடு வரை பதின்மூன்றரை அங்குலம் என்று ஆரம்பித்து, கனமான சட்டை போட்டுக்கொண்டு தோளில் வைத்துப் பார்த்துக் குறையுங்கள்.

பழைய இரும்பு:

இரண்டு விஷயம் சேர்க்கிறேன். கட்டையை மட்டும் எந்தத் தச்சரிடமும் கொடுக்கலாம், ரிசீவரை லைசென்ஸ் இல்லாதவர் கையில் கொடுக்கக் கூடாது. வேலை இல்லாத நேரத்தில் கராஜ் மேசையில் கிடக்கவும் கூடாது, பூட்டிய துப்பாக்கிப் பெட்டிக்குள் போகட்டும். ஒவ்வொரு தடவை கையில் எடுக்கும்போதும் தோட்டா அறையைத் திறந்து காலியா என்று பாருங்கள், நேற்று பார்த்தேன் என்பது கணக்கில் வராது.

கடைசியில் காய்ச்சிய ஆளி விதை எண்ணெய் பூசுவீர்கள். பூசிய துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள், தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். விரித்து வெளியே கொடியில் காயப் போடுங்கள். எண்ணெயை மெல்லியதாகத் தேய்த்து, மிச்சத்தைத் துடைத்து, ஒரு நாள் காயவிட்டு அடுத்த பூச்சு. பிசுபிசு என்று ஒட்டினால் அதிகம் பூசிவிட்டீர்கள் என்று அர்த்தம். பொந்துக்குள் போகும் மூக்கிலும் துளைக்குள்ளும் மறக்காமல் பூசுங்கள், ஈரம் ஏறுவது அங்கேதான்.

முயல்காட்டான்:

இரண்டு மாதம் கழித்து எழுதுகிறேன். முதலில் பைன் துண்டில் ஒத்திகை பார்த்தேன், துளை ஒரு விரல் தள்ளி வந்தது. வால்நட்டில் இரண்டு மில்லிமீட்டர்தான் ஓடியது, கம்பியை வைத்துக் கோடு போட்டதில் அது எங்கே போனது என்றே தெரியவில்லை. மூக்கைப் பொருத்த ஐந்து சாயங்காலம் ஆனது. பின்தகடு ஒரு ஓரத்தில் நூல் அளவு இடைவெளி விட்டு நிற்கிறது, அதை நான் மட்டும்தான் பார்ப்பேன், ஆனால் தினமும் பார்ப்பேன்.

ரேஞ்சில் நாற்பது தோட்டா சுட்டேன், விரிசல் எதுவும் இல்லை. வீட்டுக்கு வந்து போல்ட்டைப் பார்த்தால் கால் சுற்று தளர்ந்திருந்தது. இறுக்கிவிட்டேன், அடுத்த தடவை சுட்ட பிறகும் பார்க்கிறேன்.