டொமினியன் சீட்டாட்டம்: எட்டுக் காசு சேர்ந்ததும் ப்ராவின்ஸ் வாங்குறது தப்பா?

தேவனாம்பட்டினம் காத்து:
நேத்து மஞ்சக்குப்பத்துல ரெண்டு பேர் டொமினியன், காசுச் சீட்டைக் காட்டிப் புதுச் சீட்டு வாங்கி நம்ம கட்டுல சேக்குற ஆட்டம். எட்டுக் காசு முதல்ல சேர்ந்தது எனக்குத்தான். எட்டுக் காசுக்கு ஆறு பாயிண்ட் தர்ற ப்ராவின்ஸ் சீட்டு அடுத்தடுத்து ரெண்டு, 12 பாயிண்ட். அதோட சரி. கை பூரா பச்சைச் சீட்டு, பாயிண்ட் மட்டும்தான், காசு தராது. ஆறு காசு, ஏழு காசுலயே நின்னுச்சு. கூட ஆடுனவன், சீட்டைக் கழிக்கிற சேப்பல் போட்டு ஒரு பாயிண்ட் எஸ்டேட்டையெல்லாம் கழிச்சுட்டு, மெதுவா வந்து அஞ்சு ப்ராவின்ஸ் அள்ளிட்டான். எனக்கு மூணு. 30க்கு 27ன்னு தோத்தேன்.

லாஸ்பேட்டை லொள்ளு:
தப்புதான் மச்சி. கட்டுல 20 சீட்டு, மொத்தம் 32 காசுன்னா, சுத்துக்கு எடுக்குற அஞ்சு சீட்டுக் கைக்குச் சராசரி 8. ஒரு ப்ராவின்ஸைச் சொருகினா 7.6. ரெண்டாவதுக்கு 7.3. கல்யாணத்துல வந்த பித்தளை அண்டா மாதிரி அது. மதிப்பு இருக்கு, ஆனா பரண்ல இடத்தை அடைச்சுக்கிட்டுக் கெடக்கும். முதல் சுத்துலயே சேப்பல் வாங்கு, ஒரு தடவைக்கு நாலு சீட்டு வரைக்கும் தூக்கிப் போடலாம்.

ஓல்டு டவுன் அண்ணன்:
தம்பி, கழிச்சுக்கிட்டே இருந்தா எப்ப சம்பாதிக்கிறது? ரெண்டு பேர் ஆட்டத்துல ப்ராவின்ஸ் எட்டே எட்டு, முந்துறவனுக்குத்தான். ஒரு காசு தர்ற காப்பரையெல்லாம் வீசிட்டு மூணு காசுக்கு முழிச்சவங்களை எத்தனை பேரைப் பாத்திருக்கேன்! கார்டன்ஸ் இருந்தா குப்பையே சொத்து. கட்டுல இருக்குற பத்துச் சீட்டுக்கு ஒரு பாயிண்ட் தரும். நாலு காசு வரைக்குமான சீட்டைச் சும்மா தர்ற வொர்க்‌ஷாப்பை வெச்சு 40 சீட்டு சேத்துட்டா நாலு காசு கார்டன்ஸ் ஒவ்வொண்ணும் நாலு பாயிண்ட்.

லாஸ்பேட்டை லொள்ளு:
மேசையில அந்த ஆட்டத்துக்கு எடுத்து வெச்ச சீட்டுல கார்டன்ஸ் இருந்தாத்தானேண்ணே?

தேவனாம்பட்டினம் காத்து:
நேத்து இல்ல. சேப்பல் இருந்துச்சு, நான்தான் தொடல.

முத்தியால்பேட்டை அக்கா:
ரெண்டு பேரும் நிறுத்துங்க. டேய் காத்து, அந்த ஆறு காசு, ஏழு காசுக் கையில என்ன வாங்குன?

தேவனாம்பட்டினம் காத்து:
ரெண்டு தடவையும் அஞ்சு காசு டச்சி. மூணு பாயிண்ட் சும்மாவாக்கா?

முத்தியால்பேட்டை அக்கா:
மூணு காசு தர்ற கோல்டு எத்தனை வெச்சிருந்த?

தேவனாம்பட்டினம் காத்து:
ஒண்ணு.

ஓல்டு டவுன் அண்ணன்:
அடப்பாவி! ஆறு காசுக்குக் கோல்டு கெடைக்குமே. பாதி ஆட்டத்துல எவனாவது டச்சி வாங்குவானா? உனக்காகவா இவ்ளோ நேரம் வக்காலத்து வாங்குனேன்?

லாஸ்பேட்டை லொள்ளு:
அண்ணனே கட்சி மாறிட்டாரு.

ஓல்டு டவுன் அண்ணன்:
மாறல. முதல் ப்ராவின்ஸ் வாங்குனது சரிதான், அதுலேர்ந்து நான் இறங்கி வரமாட்டேன். ஞாயித்துக்கெழமை நானே வரேன், சேப்பல் இல்லாம ஆடுறேன். ஜன்னலை மட்டும் சாத்தி வை, போன தடவை கடக்காத்துல காப்பர் குவியலே பறந்துடுச்சு.