அம்மாவின் பழைய தடுப்பூசி அட்டை செல்லுமா?

அம்மாவை உம்ராவுக்கு (மக்கா புனிதப் பயணம்) அழைத்துப் போகிறேன். மதுரையிலிருந்து கிளம்ப இன்னும் 17 நாள்தான். அம்மாவுக்கு வயது 63, இன்சுலின் போடுகிறார்.

நாலு வருடம் முன்பு போனபோது, சவூதியில் கேட்கும் மெனிஞ்சைட்டிஸ் (மூளை உறை அழற்சி) ஏசிடபிள்யூஒய் தடுப்பூசி போட்டோம். கான்ஜுகேட் வகை என்றால் 5 வருடம் செல்லும், பாலிசாக்கரைடு என்றால் 3 வருடம்தான். அட்டையிலோ வகையே இல்லை, பேட்ச் எண் மட்டும் இருக்கிறது. போட்ட கிளினிக்கை மூடிவிட்டார்கள். டிராவல்ஸில் கேட்டால், "அட்டை இருந்தா போதும்" என்கிறார்கள். அதை நம்பி ஏர்போர்ட்டில் போய் நிற்க முடியுமா! மருந்துக்கடையிலும் கேட்டாச்சு, தெரியவில்லை. புதிதாகப் போடுவதென்றால் சவூதியில் இறங்க 10 நாள் முன்பே போட வேண்டும். ஆக, கையில் ஒரு வாரம்தான்.

வெயிலுக்குக் குடை, ஓஆர்எஸ், இன்சுலினுக்குக் குளிர்ப்பை எல்லாம் தயார்.

பேட்ச் எண்ணை வைத்து ஊசியின் வகையை யாரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்?