ஃபிரேம் ரிலேயில் குரல் உடைகிறது, யாராவது கைகொடுங்கள்
வணக்கம். வேலூர் சத்துவாச்சாரியில் வீட்டு மாடியில் மூன்று பழைய சிஸ்கோ ரவுட்டர்களை அடுக்கி, நடுவில் உள்ளதை ஃபிரேம் ரிலே (தொலைதூர நெட்வொர்க்குகளை இணைக்கும் பழைய முறை) சுவிட்சாக்கிப் பழகிவருகிறேன். (இந்த வெயிலில் ரவுட்டர் ஃபேன்தான் பாவம்.)

இன்டர்ஃபேஸில் டிராஃபிக் ஷேப்பிங் (அனுப்பும் வேகத்தைக் கட்டுப்படுத்துவது) போட்டதும், மேப் கிளாஸ் (அந்த வேக அளவுகளை எழுதும் கட்டளைத் தொகுப்பு) கொடுக்காத பி.வி.சி. (ரவுட்டர்களுக்கு இடையே நிரந்தரமாக அமைத்த மெய்நிகர் இணைப்பு) 56 கே.பி.பி.எஸ்ஸில் முடங்கியது. அதுதான் டீஃபால்ட் என்று ஒரு ராத்திரி போன பிறகே தெரிந்தது. சரி, போகட்டும்.

இப்போது சிக்கல் வாய்ஸில். சி.ஐ.ஆர். (சராசரி வேகம்) நொடிக்கு 128000 பிட், பி.சி. (ஒரு தவணையில் அனுப்பும் அளவு) 16000 பிட், பி.இ. (அதற்கு மேல் அனுப்பக்கூடிய கூடுதல்) பூஜ்யம், அதாவது 125 மில்லி செகண்டுக்கு ஒரு தவணை. பெரிய ஃபைல் ஓடும்போது பேச்சு ‘வ… ணக்… கம்’ என்று வருகிறது. பி.சி.யை 1280 ஆக்கித் தவணையை 10 மில்லி செகண்டுக்குக் கொண்டுவந்தால் போதுமா, இல்லை 160 பைட்டில் ஃபிராக்மென்டும் (பெரிய பாக்கெட்டைத் துண்டாக்குவது) போட வேண்டுமா? செய்து பார்த்தவர்கள் உங்கள் மேப் கிளாஸை அப்படியே இங்கே ஒட்டினால் புண்ணியமாகப் போகும்.